பெயருக்கு முன்னால் ஏழெட்டுக் கேள்விகள்: பூங்கா நடையில் மரங்களை அடையாளம் காணும் முறை

மரங்களை அறிமுகப்படுத்தும் பூங்கா நடைக்கு முதன்முதலாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு நோட்டோடு வருவார்கள். வழிகாட்டி ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று பெயர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். நடை முடியும்போது பக்கம் நிறையப் பெயர்கள் சேர்ந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் அதே பூங்காவுக்குத் தனியாக வந்தால் நாலைந்து மரங்களுக்கு மேல் தேறாது. தங்களுக்கு ஞாபகசக்தி போதாது என்று அவர்கள் முடிவுகட்டிவிடுவது வருத்தமானது. குறை ஞாபகத்தில் இல்லை, எழுதிக்கொண்ட விஷயத்தில் இருக்கிறது.

மரங்களை அடையாளம் காண்பது என்றாலே பெயர்களை மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறோம். பூத்திருந்தால்தான் மரத்தைச் சொல்ல முடியும் என்றும், ஒற்றை இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் தெரிந்தவர் சட்டென்று சொல்லிவிடுவார் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. மூன்றுமே தவறு. மரங்களை நன்றாக அறிந்தவர் கூடப் புதிய மரம் ஒன்றைப் பார்த்ததும் பெயரைத் தேடுவதில்லை. சில கேள்விகளை ஒரு வரிசையில் கேட்கிறார். அந்த வரிசையைத்தான் நடையில் கற்க வேண்டும்.

## ஒதுக்கி ஒதுக்கிப் போவது

ஒரு கடிதம் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர, அதைப் பிரித்து அனுப்புகிறவருக்கு அந்த வீடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலில் நாடு, பிறகு ஊர், தெரு, கடைசியில் கதவு எண். ஒவ்வொரு படியிலும் பொருந்தாதவை எல்லாம் ஒதுங்கிவிடுகின்றன. மரத்துக்கும் இதே வழிதான். இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறிமாறி இருக்கின்றனவா? எதிரெதிர் என்றால், மாறிமாறி இலைவிடும் மரங்கள் அத்தனையும் கணக்கிலிருந்து போய்விட்டன. ஒடித்தால் பால் வருகிறதா? வரவில்லை என்றால் இன்னொரு கூட்டம் போயிற்று.

இப்படி இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போகும் கேள்வி வரிசைக்குத் தாவரவியலில் 'திறவுகோல்' என்று பெயர். பிரெஞ்சு இயற்கை அறிஞர் லமார்க் 1778-லேயே தன் நாட்டுத் தாவரங்களுக்கு இந்த முறையைப் பயன்படுத்தினார். இன்றைய கையேடுகளும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. அதன் வலிமை கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் சரிபாதியாகப் பிரிக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 கேள்விகளில் 1,024 இனங்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். 16 கேள்விகளில் 65,536. உலகில் அறியப்பட்ட மர இனங்கள் ஏறத்தாழ 60,000. நடைமுறையில் எந்தக் கேள்வியும் அவ்வளவு சீராகப் பிரிக்காதுதான். ஆனால் ஒரு பூங்காவில் இருப்பது நூறு இனமோ அதற்குச் சற்றுக் கூடவோ. ஏழெட்டு நல்ல கேள்விகள் உங்களை மிக அருகில் கொண்டுபோய் விட்டுவிடும்.

எது நல்ல கேள்வி? பருவத்தாலும் வயதாலும் வெயிலாலும் விடை மாறாத கேள்வி. 'இலை எவ்வளவு பெரியது?' என்பது மோசமான கேள்வி. ஒரே மரத்தில் நிழலில் வளர்ந்த இலை அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். உச்சியில் வெயில் படும் இலை சிறுத்துத் தடித்திருக்கும். இலை கிளையோடு எப்படி இணைந்திருக்கிறது என்பதோ உச்சியிலும் அடியிலும் ஒன்றுதான்.

## முதல் கேள்வி: எது இலை?

தொடக்கநிலையில் நேரும் தவறுகளில் பல இந்த இடத்தில்தான் நடக்கின்றன. அதனால் நடையில் முதல் அரைமணி நேரத்தை இதற்கு மட்டுமே கொடுத்தாலும் தகும்.

வேப்பமரத்தின் இலையைக் காட்டச் சொன்னால், பல்பல்லான விளிம்பும் அரிவாள் போன்ற வளைவும் கொண்ட அந்தச் சின்னப் பச்சைத் துண்டைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அது இலை இல்லை. நாம் கொத்து என்றும் ஈர்க்கு என்றும் நினைக்கிற, ஒரு முழம் வரைகூட நீளும் அந்த முழுப் பகுதிதான் ஓர் இலை. சின்னத் துண்டு அதன் ஒரு பகுதி மட்டுமே.

இதை எப்படி உறுதிசெய்வது? கிளையில் இலைக்காம்பு சேரும் இடத்தைப் பாருங்கள். இலை முளைக்கும் அந்த இடத்துக்குக் 'கணு' என்று பெயர். காம்புக்கும் கிளைக்கும் நடுவிலுள்ள மூலையில் ஒரு சிறு மொட்டு உட்கார்ந்திருக்கும். அது 'கோண மொட்டு'. பிற்காலத்தில் ஒரு கிளையாகவோ பூங்கொத்தாகவோ வளர்வதற்காக மரம் வைத்திருக்கும் மொட்டு அது. கோண மொட்டு எந்தக் காம்பின் அடியில் இருக்கிறதோ, அந்தக் காம்பிலிருந்து நுனிவரை உள்ள அத்தனையும் சேர்ந்து ஓர் இலை. வேம்பின் சின்னத் துண்டுகளுக்கு அடியில் எத்தனை தேடினாலும் மொட்டு கிடைக்காது. ஈர்க்கு கிளையோடு சேரும் இடத்தில் இருக்கும்.

பல துண்டுகளாகப் பிரிந்த இலை 'கூட்டிலை'. அதன் ஒவ்வொரு துண்டும் 'சிற்றிலை'. பிரியாமல் ஒரே பரப்பாக இருப்பது 'தனி இலை'. இந்த மூன்று சொற்களும் கைவந்துவிட்டால் எந்தக் கையேட்டையும் திறக்கலாம்.

மொட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாகவும் இருக்கலாம். அப்போது நுனியைப் பாருங்கள். கிளையின் நுனியில் வளரும் தளிரோ மொட்டோ இருக்கும், ஏனென்றால் கிளை இன்னும் வளர வேண்டும். கூட்டிலையின் நுனியில் சிற்றிலையோடு எல்லாம் முடிந்துவிடும். உதிர்வதிலும் வேறுபாடு உண்டு. கூட்டிலை பெரும்பாலும் ஈர்க்கோடு விழும், கிளையில் ஒரு தழும்பை விட்டுவிட்டு.

கண்ணை ஏமாற்றும் இரண்டு குழப்பங்களை இங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

ஏழிலைப்பாலையும் இலவ மரமும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி கை விரித்ததுபோல இலை காட்டும். இலவத்தில் ஒரு நீண்ட காம்பின் நுனியில் 5 முதல் 8 வரை சிற்றிலைகள் விரிந்திருக்கும். அந்த ஒற்றைக் காம்பு கிளையில் சேரும் இடத்தில் மொட்டு. ஆகவே அது கூட்டிலை. ஏழிலைப்பாலையில் நீண்ட காம்பே கிடையாது. ஒரே கணுவைச் சுற்றி வட்டமாகப் பல தனி இலைகள் நிற்கின்றன. வட்டத்தின் நடுவிலிருந்து கிளை மேலே தொடர்ந்துபோய் அடுத்த வட்டத்தைப் போடுகிறது. பெயரில் ஏழு இருந்தாலும் நாலு, ஐந்து, ஆறு இலைகள் கொண்ட வட்டங்களும் அதே மரத்தில் இருக்கும். அதனால் இலையை எண்ணி முடிவு செய்யாதீர்கள்.

சவுக்கு இன்னும் விசித்திரம். ஊசி ஊசியாகத் தொங்குபவை இலைகளே அல்ல, மெல்லிய பச்சைக் கிளைகள். ஒரு ஊசியை இரு கைகளாலும் மெதுவாக இழுத்தால் மூட்டு மூட்டாகக் கழன்று வரும். கழன்ற மூட்டின் விளிம்பை லென்ஸில் பாருங்கள்: 6 முதல் 8 வரை சின்னஞ்சிறு பற்கள் வட்டமாக நிற்கும். அவைதான் சவுக்கின் இலைகள். பைன் மரத்தின் ஊசி அப்படியல்ல, அது மெய்யாகவே இலை, மூட்டே கிடையாது. சவுக்கைப் பைன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், கோண மொட்டைத் தேடுங்கள், அது எது இலை என்று சொல்லிவிடும். பிறகு அந்த இலை தனி இலையா கூட்டிலையா என்று முடிவு செய்யுங்கள். இதில் தவறினால் அடுத்து வரும் எல்லா விடைகளும் தவறிவிடும்.

## இரண்டாவது கேள்வி: கிளையில் எப்படி நிற்கின்றன?

இலைகள் கிளையில் அமையும் ஒழுங்கு 'இலையடுக்கம்'. ஒரு கணுவில் ஓர் இலை என்றால் மாற்றடுக்கம். இரண்டு என்றால் எதிரடுக்கம். மூன்றோ மேலோ என்றால் வட்ட அடுக்கம். அரசு, ஆல், வேம்பு, புங்கு எல்லாம் மாற்றடுக்கம். நாவல், புன்னை, தேக்கு எதிரடுக்கம்.

எதிரடுக்கம் உள்ளவை எண்ணிக்கையில் குறைவு என்பதால், அப்படி ஒன்று தென்பட்டால் வேலை சட்டென்று சுருங்கிவிடும். எதிரடுக்கமும் தனி இலையும் சேர்ந்திருக்கிறதா? இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நரம்புகள் நடுநரம்பிலிருந்து செங்குத்தாக, சீப்பின் பற்கள் அளவு நெருக்கமாகப் போனால் புன்னை. விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு இலையைச் சுற்றி ஓடி, பரப்பில் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் நாவல். அந்தப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள், கசக்கினால் வரும் மணம் அவற்றிலிருந்துதான். இலை முறம் போலப் பெரிதாக, தொட்டால் சொரசொரப்பாக இருந்து, தளிரைத் தேய்த்தால் விரலில் சிவப்பு ஒட்டினால் தேக்கு.

எச்சரிக்கை ஒன்று. சில மரங்களில் இரண்டு இலைகள் ஏறக்குறைய எதிரெதிராக, ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். நீர்மருது அப்படிப்பட்டது. ஒரு கிளையின் ஒரு கணுவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல் நாலைந்து கணுக்களைப் பாருங்கள். நீர்மருதுக்கு வேறு சாட்சிகளும் உண்டு: இலைப்பரப்பு காம்போடு சேரும் இடத்தில் மரு போன்ற சின்னச் சுரப்பிகள், தகடு தகடாக உரியும் வெளிறிய வழவழப்பான பட்டை, ஐந்து இறக்கைகள் கொண்ட காய்.

## மூன்றாவது கேள்வி: பாலும் தழும்பும்

காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் கசிகிறதா என்று பார்ப்பது வேகமான சோதனை. இதற்கு ஒரு துணைச் சோதனை இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. இளங்கிளையைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல மெல்லிய கோடு இருக்கிறதா?

ஆல், அரசு, அத்தி ஆகியவற்றில் நுனி மொட்டை ஒரு கூரான உறை மூடியிருக்கும். 'இலையடிச் செதில்' என்பது அதன் பெயர். புதிய இலை விரியும்போது அந்த உறை கழன்று விழும். அது கிளையை முழுக்கச் சுற்றியிருந்ததால் விழுந்த இடத்தில் வட்டத் தழும்பு மிஞ்சும். பாலும் உண்டு, மோதிரத் தழும்பும் உண்டு என்றால் அத்தி இனத்திலோ அதன் உறவான பலா பக்கத்திலோ வந்து நிற்கிறீர்கள். மோதிரம் உண்டு, பால் இல்லை என்றால் செண்பகமாக இருக்கலாம். பால் உண்டு, மோதிரம் இல்லை என்றால் மகிழம், ஏழிலைப்பாலை என்று வேறு திசைகள் திறக்கின்றன.

அரசையும் பூவரசையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு இங்கேயே விடை இருக்கிறது. இரண்டும் இதய வடிவ இலை, இரண்டும் மாற்றடுக்கம். அரசின் நுனி வால்போலப் பல சென்டிமீட்டர் நீளும். காம்பை ஒடித்தால் பால் வரும். இளங்கிளையில் மோதிரம் இருக்கும். பூவரசின் நுனி குட்டையானது, ஒடித்த இலைக்காம்பில் வெள்ளைப் பால் வராது, மோதிரம் கிடையாது. இலையின் அடிப்பக்கத்தை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் தட்டையான நுண்செதில்கள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருப்பது தெரியும். அழகான காட்சி அது.

பாலைத் தொட்ட விரலைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. சில மரங்களின் பால் தோலையும் கண்ணையும் கடுமையாகப் புண்ணாக்கும். தெரியாத மரத்தின் எந்தப் பகுதியையும் நாக்கில் வைத்துப் பார்ப்பது அறவே கூடாது.

## ஒரு மரம், தவறான பெயர்

கேள்வி வரிசை எதற்கு உதவும் என்பதைக் காட்ட நெட்டிலிங்கத்தைவிட நல்ல மரம் இல்லை. கோபுரம்போல ஒடுங்கி உயர்ந்து, கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும் அந்த மரத்தை ஏராளமானோர் அசோக மரம் என்றே சொல்கிறார்கள். பெயர்ப்பலகையில்கூட அப்படி எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

தவறு தோன்றிய காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. நெட்டிலிங்கத்தின் இலை ஈட்டிபோல நீண்டது, விளிம்பு அலையலையானது. மெய்யான அசோகத்தின் சிற்றிலையும் ஈட்டிபோல நீண்டதுதான். தரையில் உதிர்ந்துகிடக்கும் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் தடுமாற்றம் வரும். கிளையில் பார்த்தால் வராது. நெட்டிலிங்கத்தில் ஒவ்வொரு பச்சைப் பரப்பின் காம்படியிலும் கோண மொட்டு உண்டு. எனவே தனி இலை. அசோகத்தில் ஒரு காம்பில் 3 முதல் 6 இணைச் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும், நுனியில் ஒற்றைச் சிற்றிலை இராது, எனவே கூட்டிலை. முதல் கேள்வியிலேயே இரண்டும் பிரிந்துவிட்டன. பூக்கும் பருவம் என்றால் ஐயமே வேண்டாம். அசோகத்தின் பூக்கொத்து ஆரஞ்சில் தொடங்கிச் சிவக்கும். நெட்டிலிங்கத்தின் பூவோ வெளிர்பச்சை, குறுகிய இதழ்களோடு நட்சத்திரம்போல இலைகளுக்குள் ஒளிந்திருக்கும், தேடினால்தான் கிடைக்கும்.

## இறகு இறகான மரங்கள்

அடுத்த பெரிய குழப்பம், நுண்ணிய இலைகொண்ட நிழல் மரங்களில். குல்மோகர் எனப்படும் மயில்கொன்றை, மஞ்சள் பூப்பூக்கும் பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மூன்றும் பூக்காத காலத்தில் புதியவர்களுக்கு ஒன்றாகவே தெரியும்.

இவற்றில் கூட்டிலை இருமுறை பிரிகிறது. நடு ஈர்க்கிலிருந்து பக்க ஈர்க்குகள், பக்க ஈர்க்குகளில் சிற்றிலைகள். இது 'இருமடிக் கூட்டிலை'. சரக்கொன்றையின் இலை ஒருமுறைதான் பிரியும், அதனால் அது இந்தப் போட்டியிலேயே இல்லை.

தூங்குமூஞ்சியை முதலில் தனியே எடுத்துவிடலாம். அதன் சிற்றிலைகள் சாய்சதுரம்போல இருக்கும், ஈர்க்கின் நுனிக்குப் போகப்போகப் பெரிதாகும். மாலையிலும் மேகம் மூடும்போதும் இணை இணையாக மடங்கிக்கொள்ளும். காம்பின் அடியில் 'புல்வினஸ்' என்ற புடைப்பு இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து நீர் வெளியேறி அந்தப் பக்கம் தளர்ந்துபோக, மறுபக்கத்துச் செல்கள் நீரேறி விறைக்க, இலை மடிகிறது. விடிந்ததும் நீர் திரும்புகிறது, இலை விரிகிறது.

மற்ற இரண்டில், மயில்கொன்றையின் சிற்றிலை மிகச் சிறியது, ஒரு சென்டிமீட்டரை ஒட்டியது. காம்படியில் இருக்கும் இலையடிச் செதிலே குட்டி இறகுபோலப் பிரிந்திருக்கும். கையெட்டும் கிளை இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். பெருங்கொன்றையின் இளங்கிளையிலும் மொட்டிலும் துரு நிற மயிர் மூடியிருக்கும். காய்களோ ஆண்டின் பல மாதங்கள் மரத்திலேயே இருக்கும். மயில்கொன்றையில் அரை மீட்டர் வரை நீளும் கனத்த கருப்பு வாள். பெருங்கொன்றையில் விரல் நீளத்தில், இருமுனையும் கூர்த்த செம்புநிறத் தகடு.

ஆக, எது இலை, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, பாலும் தழும்பும் உண்டா, எத்தனை முறை பிரிகிறது, காய் என்ன. பூவைத் தொடாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

## பட்டையும் உருவமும்

பட்டையை வைத்துச் சொல்வது அனுபவம் கேட்கும் வேலை. இளமரத்தின் வழவழப்பான பட்டை முதுமையில் வெடித்துப் பிளந்துவிடும் என்பதால், தொடக்கத்தில் அதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இலவத்தின் தண்டிலுள்ள கூம்பு முட்களைப் போன்ற சில அடையாளங்கள் விதிவிலக்கு. கிளை விரியும் விதமும் உதவும்: நாட்டுவாதாம் தட்டுத்தட்டாகக் கிளைபரப்பும். ஆனால் பூங்காவில் மரங்களை வெட்டி ஒழுங்குபடுத்தியிருப்பார்கள், அப்போது இயல்பான உருவம் இராது.

## நடையில் என்ன செய்வது

கையில் வேண்டியவை சொற்பம்: 10 மடங்கு லென்ஸ், 15 சென்டிமீட்டர் அளவுகோல், பென்சில், நோட்டு. உயரமான மரங்களுக்கு ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. லென்ஸைப் பிடிப்பதில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: இலைக்கு அருகே லென்ஸை வைத்து, தலையைத் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள். லென்ஸ் கண்ணை ஒட்டியிருக்க வேண்டும். இலையைத்தான் அதனருகே, ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். முகத்தில் வெளிச்சம் படும்படி நிற்காமல் இலையில் படும்படி நில்லுங்கள்.

மரத்தை நெருங்குமுன் 15, 20 மீட்டர் தள்ளி நின்று முழு உருவத்தைப் பாருங்கள். பிறகு அருகே போய்க் கிளை, கணு, மொட்டு, இலை, இலையின் அடிப்பக்கம், இளங்கிளை என்று வரிசையாக. பூவும் காயும் கடைசியில். இரண்டு மணி நேர நடைக்குப் பத்துப் பன்னிரண்டு மரங்கள் ஏராளம். ஐம்பது மரங்களைக் காட்டும் நடை பெருமையாகத் தோன்றினாலும் மனதில் எதுவும் தங்காது. வழிகாட்டி பெயர் சொல்லுமுன் உங்கள் விடைகளைச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கேள்வியில் தவறினீர்கள் என்று அப்போதுதான் தெரியும்.

நோட்டில் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஒரு மரத்துக்கு இப்படி ஒரு வரி: 'மாற்றடுக்கம், கூட்டிலை, ஒருமுறை பிரிவு, 5 முதல் 9 சிற்றிலை, விளிம்பு வழவழப்பு, நுனியில் ஒற்றைச் சிற்றிலை, தட்டைக் காய், பால் இல்லை: புங்கு.' அடுத்தமுறை உங்களை மரத்திடம் கூட்டிப்போவது அந்த வரிதான்.

தரையில் கிடக்கும் இலையை நம்பாதீர்கள், அது பக்கத்து மரத்தினுடையதாக இருக்கலாம். மரத்தில் ஏறியிருக்கும் கொடியின் இலையை மரத்தினுடையது என்று எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. புல்லுருவி இன்னும் தந்திரமானது. கிளையிலேயே வேர்விட்டு, மரத்தின் சொந்தக் கொப்புபோலவே நிற்கும். ஒரு கொப்பில் மட்டும் இலை வேறாக இருந்தால் அது சேரும் இடம் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்டின் அடியிலிருந்து கிளம்பும் இளந்தளிர்களும் முதிர்ந்த இலைபோல இருக்கவேண்டியதில்லை. பலாவின் இளஞ்செடியில் இலை மடல் மடலாகப் பிளந்திருக்கும், வளர்ந்த மரத்தில் முழுதாக இருக்கும்.

## செயலி சொல்லும் விடை

போனில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் பயனுள்ளவை. ஆனால் அவை மேற்சொன்ன கேள்விகளைக் கேட்பதில்லை. உங்கள் படம் முன்பு பழகிய எந்தப் படங்களைப் போல இருக்கிறது என்று கணித்து, நிகழ்தகவு வரிசையில் பட்டியல் தருகின்றன. படத்தில் கோண மொட்டு இல்லை என்றால் செயலிக்கும் அது தெரியாது. ஒற்றை இலைப் படம் கொடுத்தால் அசோகமும் நெட்டிலிங்கமும் அங்கேயும் குழம்பலாம்.

ஒரு மரத்துக்கு ஐந்து படங்கள் எடுங்கள்: முழு உருவம், பட்டை, மூன்று நான்கு கணுக்களாவது தெரியும் கிளை, இலையின் அடிப்பக்கம், பூ அல்லது காய். அளவு தெரிய அளவுகோலை அருகே வையுங்கள். செயலி தரும் முதல் மூன்று பெயர்களை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பிரிக்கும் கேள்வி எது என்று யோசித்து, மரத்தினிடமே போய்ப் பாருங்கள்.

## நடைக்குப் பிறகு

பார்த்தவற்றில் ஐந்து மரங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை அதே ஐந்தையும் போய்ப் பார்த்து, தளிர், பூ, காய், இலையுதிர்வு என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றாவது இலையுதிர்க்கும் மரமாக இருக்கட்டும். இலை முழுக்கக் கொட்டிய பிறகு இளங்கிளையைக் கையில் பிடித்து, இலைக்காம்பு விட்டுச்சென்ற தழும்புகளைப் பாருங்கள். தழும்புகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும், அல்லது மாறிமாறி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சற்று மேலே கோண மொட்டு காத்திருக்கும். ஓர் இலைகூட இல்லாத மரத்திலும் முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு அங்கே விடை இருக்கிறது.